கணக்கில் குறைந்தோமா, கட்டம் மாறினோமா?

(திரியாயில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் எங்கள் சங்கத்தின் கல்விப் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இன்று இங்கே மூன்று வகையான ஆட்கள் உட்கார்ந்திருக்கிறோம். மலையகத் தோட்டங்களிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்கள் ஒரு பக்கம். எழுபதுகளின் பஞ்சத்திலும், 1977, 1981, 1983 கலவரங்களிலும் லயத்தை விட்டு ஓடி இந்த மாவட்டத்தில் காடு வெட்டிக் குடியேறிய எங்கள் சொந்தக்காரர்கள் இன்னொரு பக்கம். தலைமுறை தலைமுறையாகத் திரியாயில் வயல் செய்து வாழும் மக்கள் மூன்றாவது பக்கம். மூன்று பேரும் பேசுவது தமிழ். ஆனால் அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் நாம் எல்லோரும் ஒரே கட்டத்தில் இல்லை. யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம், அதை யார் தீர்மானித்தார்கள், அதனால் நமக்கு என்ன வருகிறது, என்ன போகிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

புள்ளிவிபரம் என்றால் படித்தவர்கள் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது நம் தாய்மார்கள் தராசில் கண் வைத்துத்தான் நிற்கிறார்கள். எத்தனை கிலோ, கழிவு எத்தனை கிலோ, செக்ரோலில் எத்தனை எழுதினார்கள் என்று பார்க்கிறார்கள். குடிசனக் கணக்கெடுப்பும் ஒரு தராசுதான். அதில் நிறுக்கப்படுவது நாம். அந்தத் தராசிலும் கண் வைக்க வேண்டும்.

இரண்டரை இலட்சம் பேர் எங்கே போனார்கள்?

2024 குடிசனக் கணக்கெடுப்பின் முடிவு இப்போது வெளிவந்துவிட்டது. நாட்டின் சனத்தொகை சுமார் 2 கோடியே 18 இலட்சம். அதில் "இந்தியத் தமிழர் / மலையகத் தமிழர்" என்ற கட்டத்தில் பதிவானவர்கள் சுமார் 6 இலட்சம். நூற்றுக்கு 2.8 பேர்.

இதற்கு முந்திய கணக்கெடுப்பு 2012இல் நடந்தது. அப்போது அதே கட்டத்தில் இருந்தவர்கள் சுமார் 8 இலட்சத்து 39 ஆயிரம். நூற்றுக்கு 4.1 பேர். அதாவது, பன்னிரண்டு வருசத்தில் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் பேர் குறைந்திருக்கிறார்கள். நான்கில் ஒரு பங்குக்கும் மேலே!

இதைக் கேட்டதும் பலரும் பதறினார்கள். "நம் சனம் அழிகிறதா? இவ்வளவு பேர் எப்போது வெளிநாடு போனார்கள்? எந்தத் தோட்டம் இப்படிக் காலியானது?" என்றெல்லாம் கேள்வி வந்தது. பதறுவதற்கு முன்னால் பக்கத்துக் கட்டத்தையும் பாருங்கள். "இலங்கைத் தமிழர்" 2012இல் சுமார் 22 இலட்சத்து 69 ஆயிரம். 2024இல் சுமார் 26 இலட்சத்து 80 ஆயிரம். நான்கு இலட்சத்துக்கு மேல் கூடியிருக்கிறது. நூற்றுக்கு 18 என்ற வேகம். முழு நாட்டின் சனத்தொகையோ இந்தக் காலத்தில் நூற்றுக்கு ஏழு அளவில்தான் கூடியது.

இப்போது இரண்டு கட்டத்தையும் கூட்டுங்கள். 2012இல் இரு தமிழரும் சேர்ந்து நாட்டில் நூற்றுக்கு 15.3. 2024இல் நூற்றுக்கு 15.1. பெரிய வித்தியாசம் இல்லை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் ஆட்கள் வெளிநாடு போவது உண்மை. ஆனால் ஒரு கட்டம் இவ்வளவு இறங்கி, பக்கத்துக் கட்டம் இவ்வளவு ஏறி, கூட்டுத்தொகை அப்படியே நிற்கிறது என்றால் அதற்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான். ஆட்கள் மறையவில்லை. கட்டம் மாறியிருக்கிறார்கள்.

அப்படி மாறுவது தப்பா? இல்லை. எந்த இனம் என்று கேட்டால் தன் மனதுக்குச் சரி என்று படுவதைச் சொல்வது ஒவ்வொருவரின் உரிமை. ஆனால் தெரிந்து மாறினோமா, தெரியாமல் மாற்றப்பட்டோமா என்பது கேள்வி.

கட்டம் வந்த கதை

இலங்கையில் முதல் முழுக் கணக்கெடுப்பு 1871இல் வெள்ளைக்காரன் காலத்தில் நடந்தது. அப்போது தமிழர் என்று ஒரே கட்டம். 1911இல்தான் "இலங்கைத் தமிழர்", "இந்தியத் தமிழர்" என்று இரண்டாகப் பிரித்தார்கள். அந்த வருசம் இந்தியத் தமிழர் என்று எண்ணப்பட்டவர்கள் சுமார் 5 இலட்சத்து 31 ஆயிரம். இலங்கைத் தமிழர் சுமார் 5 இலட்சத்து 28 ஆயிரம். நம் முன்னோர்களின் தொகை அன்று சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

அதன் பிறகு நம் தொகை ஏறியது. 1946இல் சுமார் 7 இலட்சத்து 80 ஆயிரம். 1971இல் சுமார் 11 இலட்சத்து 75 ஆயிரம். அதுதான் உச்சம்.

அடுத்த கணக்கெடுப்பு 1981இல். தொகை 8 இலட்சத்து 18 ஆயிரம்! பத்தே வருசத்தில் மூன்றரை இலட்சம் குறைவு.

இதில் பாதிக் கதையை எல்லோரும் அறிவோம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக ஆக்கியது. அடுத்த வருசம் வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை மேசையில் வைத்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். அந்த மீதியை 1974இல் ஆளுக்கு 75 ஆயிரம் என்று பிரித்துக்கொண்டார்கள். பங்கு போடப்பட்டவர்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள் எத்தனையோ பேர். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கின்றன.

மீதிப் பாதிக் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கப்பல் ஏறாதவர்களிலும் ஒரு பகுதியினர் 1981இல் "இந்தியத் தமிழர்" கட்டத்தில் இல்லை. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை என்று வந்து குடியேறியவர்களில் பலர் "இலங்கைத் தமிழர்" என்று எழுதப்பட்டார்கள். சிலர் தாங்களே அப்படிச் சொன்னார்கள். "இந்தியத் தமிழர்" என்றால் பிடித்துக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் அந்தக் காலத்தில் நியாயமான பயம். ஆகவே 2024இல் நடந்தது புதுக் கதை அல்ல. நாற்பது வருசத்துக்கு முன்னாலேயே தொடங்கிய கதை.

ஏன் இன்றும் மாற்றிச் சொல்கிறார்கள்?

இப்போது கப்பல் பயம் இல்லை. 1988ஆம் ஆண்டின் சட்டமும் 2003ஆம் ஆண்டின் சட்டமும் நாடற்றவர் பிரச்சினையைத் தீர்த்து வைத்தன. பிறகு ஏன் இத்தனை பேர் "இலங்கைத் தமிழர்" என்கிறார்கள்?

முதல் காரணம் சொல்லிலேயே இருக்கிறது. "நீங்கள் இலங்கைத் தமிழரா, இந்தியத் தமிழரா?" என்று ஒருவர் வாசலில் நின்று கேட்டால் நம் வீட்டுப் பையன் என்ன சொல்வான்? "நான் இங்கேதான் பிறந்தேன். என் தாத்தாவும் இங்கேதான் பிறந்தார். அடையாள அட்டை இருக்கிறது, வோட்டுப் போடுகிறேன். நான் ஏன் இந்தியன்?" என்பான். அவன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அவன் காதில் விழுந்தது பிரஜாவுரிமைக் கேள்வி. ஆனால் அந்தக் கட்டம் பிரஜாவுரிமையைப் பற்றியது அல்ல, வந்த வழியைப் பற்றியது. இரண்டு வேறு விஷயங்களை ஒரே சொல்லில் போட்டு வைத்தால் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

இரண்டாவது காரணம் கேவலப்படுத்தும் பேச்சு. தோட்டக்காட்டான் என்று சொல்லிச் சொல்லியே நம் பிள்ளைகளின் தலையைக் குனிய வைத்தார்கள். கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளை முகவரியையே மாற்றிச் சொல்லுகிறது. அந்தப் பிள்ளை இனத்தையும் மாற்றிச் சொல்வதில் ஆச்சரியம் என்ன?

மூன்றாவது காரணம் எழுதுகிறவர். பிறப்புப் பதிவுப் பத்திரத்தில் தாய் தகப்பனின் இனத்தை எழுதும் இடம் இருக்கிறது. பல வேளைகளில் அதைக் கேட்காமலே நிரப்பிவிடுகிறார்கள். ஒரு குடும்பத்தில் மூத்த பிள்ளைக்கு "இந்தியத் தமிழ்", இளைய பிள்ளைக்கு "இலங்கைத் தமிழ்" என்று இருப்பதை எங்கள் சங்க அலுவலகத்துக்கு வரும் பத்திரங்களில் அடிக்கடி பார்க்கிறோம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் எப்படி இரண்டு இனமாவார்கள்?

அதனால்தான் "மலையகத் தமிழர்" என்ற பெயர் வேண்டும் என்று பல காலமாகக் கேட்டு வந்தோம். 2023இல் நம்மவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, இருநூறு வருசத்துக்கு முன் நம் பாட்டன் பூட்டன் நடந்த அதே பாதையில், அந்த நடையின் அர்த்தமும் இதுதான். நாங்கள் இந்தியாவிலிருந்து வந்தோம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் இந்த மலையை வெட்டித் திருத்தி, இந்த மண்ணில் புதைந்து, இந்த நாட்டுக்காரர் ஆனோம். 2024 அறிக்கையில் "மலையகத் தமிழர்" என்ற பெயர் பழைய பெயருக்குப் பக்கத்தில் ஏறியிருக்கிறது. அது ஒரு வெற்றி. ஆனால் பெயர் ஏறிய அதே தடவை தொகை இறங்கியிருக்கிறது. பெயரைக் கேட்டு வாங்கினோம். அந்தப் பெயர் எதற்கு என்று வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டிய வேலை இன்னும் முடியவில்லை.

இந்த ஊர்க் கல் சொல்வது

இந்தப் பேச்சைத் திரியாயில் வைத்துப் பேசுவதற்கு ஒரு பொருத்தம் இருக்கிறது. இங்கேயுள்ள குன்றில் பழைய பௌத்த தலம் ஒன்று இருக்கிறது. அங்கே பாறையில் ஒரு கல்வெட்டு. ஏழாம், எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அதன் மொழி சமஸ்கிருதம். எழுதிய எழுத்து தென்னிந்தியாவின் பல்லவ கிரந்தம். சொல்லும் மதம் பௌத்தம். அதில் பேர் சொல்லப்படுகிறவர்கள் கடல் வழியே வந்த வணிகர்கள். அந்தக் குன்றுக்குக் கீழே இன்று வயல் செய்து வாழ்பவர்கள் தமிழர்கள்.

அந்தக் கல் யாருக்குச் சொந்தம் என்று வழக்காட நாம் இங்கே வரவில்லை. அது சொல்லும் பாடம்தான் நமக்கு வேண்டும். மொழி ஒன்று, எழுத்து ஒன்று, மதம் ஒன்று, ஆட்கள் வந்த வழி வேறொன்று. இந்த நான்கும் எப்போதும் ஒரே கோட்டில் வராது. ஒன்றைப் பார்த்து மற்றதை முடிவு செய்யக்கூடாது.

திருகோணமலை மாவட்டமே அதற்குச் சாட்சி. 2012 கணக்கின்படி இங்கே சோனகர் நூற்றுக்கு 40, இலங்கைத் தமிழர் நூற்றுக்கு 30, சிங்களவர் நூற்றுக்கு 27 அளவில் இருந்தார்கள். இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இனக் கட்டத்தைப் பார்த்தால் நான்கு கூட்டம். மொழியைப் பார்த்தால் பத்தில் ஏழு பேருக்கு மேல் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். முஸ்லிம் தாயும் தமிழ்த் தாயும் பிள்ளையைத் தாலாட்டுவது ஒரே மொழியில்தான். இந்தக் கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் குடும்பங்களும் இருக்கின்றன. இனக் கட்டம் மட்டும் பார்த்தால் இந்த உண்மை தெரியாது. மொழிக் கேள்வி மட்டும் பார்த்தால் மற்ற உண்மை தெரியாது. இரண்டும் வேண்டும்.

வேடர்களின் கதையையும் கேளுங்கள். 1911 கணக்கெடுப்பில் வேடர் சுமார் 5,300 பேர். 1953இல் சுமார் 800. 1963இல் 400. அதற்குப் பிறகு வந்த கணக்கெடுப்புகளில் அவர்களுக்குத் தனிக் கட்டம் இல்லாமல் போனது. "மற்றவர்" என்ற கட்டத்துக்குள் போய்விட்டார்கள். மனிதர்கள் இல்லாமல் போகவில்லை. இதோ மூதூர்ப் பக்கம் போனால் பார்க்கலாம். கல்யாணம் கலந்து, மொழி மாறி, வேறு கட்டத்தில் எழுதப்பட்டு, கடைசியில் கட்டமும் எடுபட்டது. கட்டம் போனால் அவர்கள் கேட்கும் காட்டு உரிமையை எத்தனை பேருக்காகக் கேட்கிறார்கள் என்று சொல்ல அரசாங்கப் புத்தகத்தில் ஓர் எண்கூட இருக்காது.

மறுபக்கம், இலங்கைச் செட்டி, பரதர் என்ற இரண்டு சமூகங்கள். இரண்டும் சில ஆயிரம் பேரே. ஆனாலும் 2012 அறிக்கையில் அவர்களுக்குத் தனித்தனிக் கட்டம் உண்டு. அவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. ஆகவே கட்டம் என்பது வானத்திலிருந்து விழுவது அல்ல. கேட்பவருக்குக் கிடைக்கும். தன் பெயரைச் சொல்பவருக்கு நிலைக்கும்.

கணக்கே நடக்காமல் போவதும் உண்டு. இந்தத் திரியாய் 1985இல் எரிந்தது. சனம் ஊரை விட்டு ஓடியது. 1991இல் நாட்டில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் நடந்தபோது வடக்கு கிழக்கின் பல மாவட்டங்களில் முழுமையாக எண்ண முடியவில்லை. திருகோணமலையும் அதில் ஒன்று. 1981க்கும் 2012க்கும் நடுவே முப்பத்தொரு வருசம், இந்த மண்ணில் யார் இருந்தார்கள், யார் போனார்கள் என்று சொல்ல முழுமையான கணக்கு இல்லை. காணியைப் பற்றி வழக்கு வரும்போது அந்த வெற்றிடம் எவ்வளவு வலிக்கும் என்று இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

எண் இருந்தால் என்ன கிடைக்கும்?

மூன்று உதாரணம் சொல்கிறோம்.

ஒன்று, மொழி. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி, ஒரு பிரதேச செயலகப் பிரிவில் சிறுபான்மையாக உள்ள மொழியைப் பேசுவோரின் விகிதத்தைப் பார்த்து, அந்தப் பிரிவை இரு மொழிப் பிரிவாக ஜனாதிபதி அறிவிக்கலாம். எட்டில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு பன்னிரண்டரை, என்பது நடைமுறையில் பார்க்கும் அளவு. 1999இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரிவுகள் அப்படி அறிவிக்கப்பட்டன. பிறப்புச் சான்றிதழைத் தமிழில் கேட்கும் தைரியம் நமக்கு அந்த அறிவிப்பிலிருந்து வந்தது. அந்த அறிவிப்பு வந்தது எண்ணிலிருந்து. நடைமுறையில் இன்னும் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லாத கந்தோர்கள் உண்டு. ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று சண்டை போட எண் வேண்டும்.

இரண்டு, உள்ளூராட்சி. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகளும் ஒவ்வொன்றும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கட்டி ஆண்டன. வேறு மாவட்டங்களில் சில ஆயிரம் பேருக்கு ஒரு சபை இருந்தது. "எங்கள் தலையை எண்ணிப் பாருங்கள்" என்று விடாமல் கேட்டதால்தான் அந்த இரண்டும் ஆறாகப் பிரிந்தன. அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் என்று புதிய சபைகள் வந்தன. 2018 தேர்தலில் நம்மவர்கள் அவற்றில் உட்கார்ந்தார்கள்.

மூன்று, வறுமை. 2019ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கின்படி நாடு முழுவதும் நூற்றுக்கு 14.3 பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. தோட்டத் துறையில் மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 33.8 பேர். மூன்றில் ஒருவர்! தோட்டத்துக்குத் தனிக் கணக்கு இல்லாமல் இருந்தால், நம் மூன்றில் ஒருவர் நாட்டின் சராசரிக்குள் கரைந்து போயிருப்பார். சம்பளப் பேச்சுவார்த்தையில் இந்த எண்ணை மேசையில் வைத்துத்தான் பேசுகிறோம்.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. "தோட்டத் துறை" வேறு, "மலையகத் தமிழர்" வேறு. இருபது ஏக்கருக்குக் குறையாமல், பத்துக்குக் குறையாத தொழிலாளர் தங்கியிருக்கும் பெருந்தோட்டத்தைத்தான் கணக்கெடுப்பு தோட்டத் துறை என்கிறது. அதில் சிங்களத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அவர்களும் நம் தோழர்கள். தோட்டத்தை விட்டு இறங்கி ஹட்டனில் கடை வைத்தவர், கொழும்பில் வீட்டு வேலை செய்யும் தங்கை, இந்த மாவட்டத்தில் கூலி வயல் செய்யும் மாமா, இவர்கள் யாரும் தோட்டத் துறையில் வரமாட்டார்கள். அவர்கள் இனக் கட்டத்திலும் மாறிவிட்டால் எந்தக் கணக்கிலும் அவர்கள் மலையகத்திலிருந்து வந்தவர்கள் என்ற சுவடு இருக்காது. வந்து ஐம்பது வருசம் ஆகியும் காணிக்கு உறுதி இல்லாத குடும்பம் எத்தனை என்று கேட்டால் பதில் சொல்ல வழியே இருக்காது.

கடல் கடந்த நம்மவர்

இது நமக்கு மட்டும் உள்ள சங்கடம் அல்ல. ஒப்பந்தத்தில் இந்தியா போன நம் உறவுகள் பலர் நீலகிரியில், அவர்களுக்காகவே 1968இல் தொடங்கப்பட்ட அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். இங்கே "இந்தியத் தமிழர்" என்று தனியாக எண்ணப்பட்டவர்கள் அங்கே போனதும் வெறும் தமிழர். தாயகம் திரும்பியோர் என்று இந்தியக் கணக்கெடுப்பில் இனக் கட்டம் இல்லை. அதே நீலகிரியில் படகர் என்ற மலைச் சமூகம் பேசும் மொழி, இந்தியக் கணக்கில் கன்னடத்துக்குக் கீழே சேர்த்து எழுதப்படுகிறது. 2011இல் இந்திய மக்கள் தங்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. கணக்கெடுப்பு அலுவலகம் அதைச் சலித்து, சேர்த்து, 1,369 தாய்மொழிகளாக்கி, கடைசியில் 121 மொழிகளாக அச்சிட்டது. சொல்வது மக்கள். சேர்ப்பது அலுவலகம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நடக்கிறது பாருங்கள்.

நம்மைப் போலவே தோட்டத்துக்குக் கூலியாகக் கொண்டு போகப்பட்ட தமிழர்கள் மொரீசியஸ் தீவில் உண்டு. அங்கே கணக்கெடுப்பில் "முன்னோர் மொழி என்ன?" என்று ஒரு கேள்வி. "வீட்டில் பேசும் மொழி என்ன?" என்று இன்னொரு கேள்வி. முன்னோர் மொழி தமிழ் என்று சொல்லி, வீட்டில் கிரியோல் பேசுகிறேன் என்று ஒருவர் நேர்மையாகச் சொல்ல அங்கே இடம் இருக்கிறது. ஆனால் அதே தீவில் இனம் பற்றிய கேள்வியை எழுபதுகளுக்குப் பிறகு கைவிட்டார்கள். பாராளுமன்றத்தில் சில மேலதிக ஆசனங்களை இன அடிப்படையில் பங்கிடுவதற்கு இன்னும் 1972 கணக்கைத்தான் பிரிக்கிறார்கள். கேட்டால் பிரிவினை என்கிறார்கள், கேட்காவிட்டால் பழைய எண் ஆளுகிறது.

உங்களுக்கு ஒரு பதில்

இந்த மாவட்டத்தில் உள்ள எங்கள் சொந்தக்காரர்கள் சிலர் கூட்டத்துக்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார்கள். "நாங்கள் மலையகத் தமிழர் என்று பதிந்தால் இங்கே தமிழர் பலம் உடையாதா? திருகோணமலையில் ஒவ்வொரு தலையும் முக்கியமல்லவா?"

நியாயமான கேள்வி. நேராகப் பதில் சொல்கிறோம். மொழி உரிமைக்கு எண்ணும்போது தமிழ் பேசுவோர் எல்லோரையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். நீங்கள் எந்த இனக் கட்டத்தில் இருந்தாலும் தமிழ் பேசுவோர் தொகையிலிருந்து ஒருவரும் குறைய மாட்டார். இரண்டு தமிழ்க் கட்டத்தையும் கூட்டிப் பார்க்க யாருக்கும் தடை இல்லை. ஆனால் ஒரே கட்டத்தில் கலந்துவிட்டதைப் பிறகு பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. பாலில் தண்ணீர் ஊற்றுவது சுலபம். பிரிப்பது?

இன்னொன்றும் சொல்கிறோம். மூன்று தலைமுறையாக இங்கே வாழ்ந்து, இங்கேயே கல்யாணம் முடித்து, "நான் இந்த மண்ணின் தமிழன்" என்று ஒருவர் உணர்ந்தால் அவர் "இலங்கைத் தமிழர்" என்று பதிவது அவர் உரிமை. அவரைத் துரோகி என்று சொல்ல எந்தச் சங்கத்துக்கும் அதிகாரம் இல்லை. எங்கள் சங்கம் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பதிலைப் பயத்தில் சொல்லாதீர்கள், வெட்கத்தில் சொல்லாதீர்கள், இன்னொருவர் வாயால் சொல்ல விடாதீர்கள்.

செய்ய வேண்டியவை

கணக்கெடுப்பு பத்து வருசத்துக்கு ஒரு முறை வரும். ஆனால் பத்திரம் நிரப்புவது ஒவ்வொரு நாளும் நடக்கிறது. ஆகவே அடுத்த கணக்கெடுப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை.

முதலாவது, பிள்ளையின் பிறப்பைப் பதியும்போது இனம் என்ற இடத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று வாசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள். கைநாட்டு வைப்பதற்கு முன்னால் கேளுங்கள். வைத்த பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

இரண்டாவது, வீட்டில் உள்ள எல்லோருடைய பத்திரங்களையும் எடுத்து ஒரு மேசையில் வைத்துப் பாருங்கள். பெயர் எழுத்து, பிறந்த இடம், இனம் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் தோட்டத் தலைவரிடமோ மாவட்ட அலுவலகத்திலோ கொண்டு வந்து கொடுங்கள். விண்ணப்பம் எழுதித் தருவது சங்கத்தின் வேலை.

மூன்றாவது, கணக்கெடுக்க ஆள் வரும்போது வீட்டில் யார் பதில் சொல்கிறார்கள் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். பகலில் வீட்டில் இருப்பது கிழவியும் சின்னப் பிள்ளையும்தான். அம்மா மலைக்குப் போயிருப்பாள், அப்பா வேறு வேலைக்குப் போயிருப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் சொன்ன பதில் பத்து வருசம் நிற்கும்.

நான்காவது, நம் மாதர் சங்கங்களும் இளைஞர் குழுக்களும் "இலங்கைப் பிரஜை" என்பதும் "இலங்கைத் தமிழர்" என்ற கட்டமும் வேறு வேறு என்பதை லயம் லயமாகச் சொல்ல வேண்டும். மலையகத் தமிழர் என்று பதிகிறவரும் முழு இலங்கைப் பிரஜைதான். ஒரு குன்றிமணி குறைவில்லை.

சங்கத்தின் சார்பில் அரசாங்கத்திடம் மூன்று கோரிக்கை வைக்கிறோம். "இந்தியத் தமிழர்" என்ற பழைய சொல்லை நீக்கி "மலையகத் தமிழர்" என்ற பெயரை எல்லாப் பத்திரங்களிலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். வீடு வீடாக வரும் கணக்கெடுப்பாளர் அந்தக் கேள்வியைத் தமிழில், பதிலை எடுத்துக் கொடுக்காமல் கேட்கப் பயிற்சி கொடுக்க வேண்டும். தோட்டத்துக்கு வெளியே வாழும் மலையக மக்களின் வீடு, காணி, படிப்பு நிலை பற்றிய அட்டவணைகளைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாகத் தனியே வெளியிட வேண்டும்.

தோழர்களே, நம் மூதாதையர்கள் கங்காணியின் துண்டுப் பட்டியலில் ஒரு கோடாக இருந்தார்கள். பிறகு ஒப்பந்தத்தில் பங்கு போடும் எண்ணாக இருந்தார்கள். அப்போது நம்மை எண்ணியது மற்றவர்கள், தங்கள் தேவைக்காக. இனி நம்மை நாமே சொல்லிப் பதிய வேண்டும், நம் தேவைக்காக. கூட்டம் முடிந்ததும் அந்த மரத்தடியில் எங்கள் தோழர்கள் இருப்பார்கள். பத்திரம் கொண்டு வந்தவர்கள் காட்டுங்கள், இன்றே பார்ப்போம்.